மலையேறும் ஊழியமும் மலையில் எஞ்சும் சட்டமும்: கந்தமால் உணர்த்துவது என்ன?

ஒடிசாவின் கந்தமால் மலைகளில் ஓர் ஓடை. நகரத்துத் திருச்சபை ஒன்றிலிருந்து ஊழியப் பயணமாக வந்த குழு, மலைக்கிராமத்தில் ஒரு வாரம் தங்கியிருக்கிறது. நோயாளிகளுக்கு மருந்து கொடுத்திருக்கிறது, பாடியிருக்கிறது, செபித்திருக்கிறது. கடைசி நாளில் அந்த ஓடையில் இருவர் ஞானஸ்நானம் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கந்தா பழங்குடியினர். மற்றவர் பாணோ என்னும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். இருவரும் ஒரே ஊரினர். குய் மொழி பேசுபவர்கள். ஒரே வறுமையில் உழல்பவர்கள். கந்தா தன் பழங்குடித் தகுதியோடு கரையேறுகிறார். பாணோ தன் பட்டியல் சாதித் தகுதியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுக் கரையேறுகிறார். அவருடைய சாதி மட்டும் அவரோடு கூடவே வருகிறது.

ஊழியக் குழு மறுநாள் மலையிறங்கிவிடும். மதம் மாறிய தலித் அங்கேயே வாழ வேண்டும். அவருக்கு எதிராக மூன்று சட்ட நிலைகள் ஒரே நேரத்தில் நிற்கின்றன: மதமாற்றத் தடைச் சட்டம், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாமை. ஊழியப் பயணங்கள் குறித்த விவாதம் பெரும்பாலும் 'மதம் மாற்றலாமா, கூடாதா?' என்பதிலேயே முடிந்துவிடுகிறது. பயணம் முடிந்தபின் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை. அந்தக் கேள்விக்கான சட்ட, வரலாற்றுத் தரவுகளை மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த கந்தமால், 1994இல் பழைய பூல்பானி மாவட்டத்திலிருந்து தனி மாவட்டமானது. தலைநகர் பூல்பானி. மஞ்சள் விளைச்சலுக்குப் பெயர்பெற்ற மண் இது. கந்தமால் மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.33 லட்சம். இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பழங்குடியினர்; ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஐந்தில் ஒருவர் கிறிஸ்தவர். மாவட்டம் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிக்குள் வருகிறது.

நிலம் கந்தாக்களின் கையில் இருந்தது. பாணோக்கள் நெசவு, சிறு வணிகம், இசைக்கருவி வாசித்தல், ஊர்வேலை எனப் பிழைத்தவர்கள்; பெரும்பாலோர் நிலமற்றவர்கள். கந்தாக்களின் பேச்சையே பேசினாலும் அவர்களால் தாழ்ந்தவர்களாகக் கருதப்பட்டவர்கள். 1830களில் கும்சூர் போர்களை அடுத்து ஆங்கிலேய ஆட்சி இம்மலைகளுக்குள் நுழைந்தது. அதன் தடத்தில் பாப்டிஸ்ட் மிஷனரிகள் வந்தனர். ஜி. உதயகிரி அவர்களின் மையங்களுள் ஒன்றானது. அங்கே பின்னாளில் மருத்துவமனையும் எழுந்தது. பள்ளியும் மருந்தும் எழுத்தும் முதன்முதலாகக் கிடைத்த இடத்தை நோக்கி, நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்டவர்கள் திரண்டதில் வியப்பேதுமில்லை. இதை 'ஆசை காட்டி மாற்றியது' என்று பெயரிடுவோர், அந்த மக்களுக்கு அதற்கு முன்பு என்ன மறுக்கப்பட்டிருந்தது என்பதைச் சொல்வதில்லை.

இத்தகைய பயணங்களோடு தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் நூற்றாண்டுத் தொடர்பு உண்டு. 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்ட இந்திய மிஷனெரி சங்கம், தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது. அதைத் தோற்றுவித்தோரில் ஒருவரான வே. ச. அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. அங்கே திருச்சபையை நிரப்பியவர்கள் மாலா, மாதிகா மக்கள். இன்றும் தமிழ்நாட்டுத் திருச்சபைகளிலிருந்து ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மலைகளுக்கு ஊழியக் குழுக்கள் செல்கின்றன. எனவே இது நமக்குத் தொலைவான செய்தி அன்று.

பயணிக்கு உள்ள உரிமை எதுவரை?

அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது உறுப்பு, மதத்தை ஏற்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் 'அனைத்து நபர்களுக்கும்' உரிமை அளிக்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, நலவாழ்வு ஆகியவற்றுக்கு அது உட்பட்டது. 'பரப்புதல்' என்ற சொல்லின் பொருளை உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சுருக்கியது. தன் மதக் கொள்கைகளை எடுத்துரைக்கலாம். பிறரை மதம் மாற்றுவது அடிப்படை உரிமையாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். மதம் மாறுபவரின் சொந்தத் தேர்வு என்னும் கோணத்தை அத்தீர்ப்பு உரிய அளவில் எடைபோடவில்லை என்ற விமர்சனம் இன்றுவரை தொடர்கிறது.

அந்த வழக்கின் ஒரு வேர் ஒடிசாவில் இருக்கிறது. நாட்டின் முதல் மாநில மதமாற்றத் தடைச் சட்டங்களுள் ஒன்று 1967ஆம் ஆண்டின் ஒடிசா மதச் சுதந்திரச் சட்டம். அதை ஒடிசா உயர் நீதிமன்றம் 1972இல் செல்லாது என்றது. ஸ்டானிஸ்லாஸ் தீர்ப்பு அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. வற்புறுத்தல், மோசடி, தூண்டுதல் ஆகியவற்றால் மதம் மாற்றுவதை அச்சட்டம் குற்றமாக்குகிறது. மாற்றப்பட்டவர் சிறாராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதியினராகவோ, பழங்குடியினராகவோ இருந்தால் தண்டனையின் உச்ச அளவு இரட்டிப்பாகிறது. இந்தப் பட்டியலை நாம் கவனித்துப் படிக்க வேண்டும். வயதுவந்த தலித் ஒருவரைத் தாமாக முடிவெடுக்க இயலாத குழந்தையோடு சேர்த்து எண்ணும் பார்வை இது. பாதுகாப்பு என்ற பெயரில் மனச்சான்றையே மறுக்கும் சட்டம்.

பின்னர் வந்த மாநிலச் சட்டங்கள் சில மேலும் சாய்ந்தவை. மத்தியப் பிரதேசத்தின் 2021 சட்டம் முன்னோர் மதத்துக்குத் திரும்புவதை மதமாற்றமாகவே கருதுவதில்லை. உத்தரப் பிரதேசச் சட்டமும் உடனடி முந்தைய மதத்துக்குத் திரும்புவதற்கு விலக்களிக்கிறது. கதவு ஒரு பக்கமாக மட்டுமே திறக்கிறது. தமிழ்நாட்டில் 2002இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆகவே இங்கிருந்து செல்லும் குழுவினர், தாம் பழகிய சட்டச் சூழல் மாநில எல்லையோடு முடிந்துவிடுகிறது என்பதை உணர வேண்டும்.

வெளிநாட்டவருக்கு வரம்பு இன்னும் இறுக்கமானது. சுற்றுலா விசாவில் வருபவர் வழிபாட்டில் கலந்துகொள்ளலாம். மதப் பிரசங்கம் செய்வதோ, மத வெளியீடுகளை வழங்குவதோ, மதமாற்றப் பணியில் ஈடுபடுவதோ விசா நிபந்தனை மீறலாகும். அந்த மீறலுக்காக அவர் நாட்டைவிட்டு வெளியேற்றப்படலாம். அவரை வரவேற்ற உள்ளூர்ப் போதகர் மீது வழக்கு நிற்கும்.

அட்டவணைப் பகுதிகளில் இன்னொரு சிக்கலும் எழுந்துள்ளது. சத்தீஸ்கரின் காங்கேர் மாவட்டத்தில் போதகர்களும் மதம் மாறியவர்களும் ஊருக்குள் நுழையக்கூடாது என்று சில கிராமங்கள் அறிவிப்புப் பலகைகள் வைத்தன. அவை வழக்குக்கு உள்ளாயின. தூண்டுதலாலும் மோசடியாலும் நடக்கும் மதமாற்றத்தைத் தடுக்கும் நோக்கிலான பலகைகளை அரசமைப்புக்கு எதிரானவை என்று கூற முடியாது என 2025 அக்டோபரில் அம்மாநில உயர் நீதிமன்றம் கூறியது. பழங்குடி மக்களின் தன்னாட்சிக்காகப் போராடிப் பெறப்பட்டது 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம். அது வழங்கிய கிராம சபை அதிகாரம், அதே ஊரில் சிறுபான்மையாக வாழும் தலித் கிறிஸ்தவரை வெளியே நிறுத்தும் கருவியாக மாறுவது கவலைக்குரியது.

ஒரே ஓடை, இரண்டு சட்டங்கள்

இனி ஓடைக்கரைக்குத் திரும்புவோம். 1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சார்ந்த எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கின்றனர். பழங்குடிகளுக்கான ஆணையில் இத்தகைய மத நிபந்தனை கிடையாது. மதம் மாறியதால் மட்டுமே ஒருவர் பழங்குடித் தகுதியை இழப்பதில்லை. அவர் தம் இனக்குழுவின் உறுப்பினராகத் தொடர்கிறாரா என்பதே கேள்வி என்று 2004இல் சந்திரமோகனன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இந்த வரலாற்றில் அம்பேத்கரிய இயக்கத்துக்கு நேரடியான பாடம் ஒன்று உண்டு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய மக்கள், அந்தப் பத்தியின் காரணமாக மத்திய அரசின் பட்டியல் சாதித் தகுதியை இழந்தனர். அதைத் திரும்பப் பெற 34 ஆண்டுகள் ஆயின. மதம் மாறும் தலித்தைத் தண்டிக்கும் விதி எந்த மதத்துக்கு எதிராகப் பயன்பட்டாலும், அது அடிப்படையில் தலித்தின் வெளியேறும் உரிமைக்கு எதிரான விதி.

இவ்விதியை எதிர்த்த முதன்மையான வழக்கு சென்னையில் இருந்து சென்றது. ஆதி திராவிடச் சமூகத்தில் பிறந்து கிறிஸ்தவரான சூசை என்பவர் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கும் திட்டம் ஒன்று வந்தது. கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு அது மறுக்கப்பட்டது. அருகில் அதே தொழிலைச் செய்யும் இந்துவுக்கு உண்டு; அவருக்கு இல்லை. 1985இல் உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. சாதியின் கொடுமைகள் புதிய மதத்திலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்பதற்குப் போதிய சான்றுகள் வைக்கப்படவில்லை என்பது தீர்ப்பின் காரணம். சாலையோரத்தில் செருப்புத் தைக்கும் மனிதரிடம் சமூகவியல் ஆய்வைக் கேட்டது நீதிமன்றம்.

அதன்பின் சான்றுகள் குவிந்தன. 2007இல் அறிக்கை அளித்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்கிடையே 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவ மதத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே வேலைவாய்ப்புக்காக இந்து என்று கூறிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோருவது அரசமைப்பின் மீதான மோசடி என உச்ச நீதிமன்றம் கூறியது. மாறாக, 2015இல் கே. பி. மனு வழக்கில், இந்து மதத்துக்குத் திரும்பியவரைச் சமூகம் ஏற்றுக்கொண்டால் சாதித் தகுதி திரும்பக் கிடைக்கும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது சாதி அழிவதில்லை, உறங்குகிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. உறங்கும் சாதி ஒருவரை இழிவுபடுத்துவதை மட்டும் நிறுத்துவதில்லை.

அடி விழும்போது எந்தச் சட்டம்?

இட ஒதுக்கீட்டைப் பற்றி அதிகம் பேசுகிறோம். மலைக்கிராமத்தில் அதைவிட உடனடியான கேள்வி பாதுகாப்பு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், அரசமைப்பின் வரையறைப்படி 'பட்டியல் சாதியினர்' எவரோ அவர்களையே காக்கிறது. மூன்றாம் பத்தி அங்கேயும் குறுக்கே நிற்கிறது. கிறிஸ்தவரான பின் ஒருவர் இச்சட்டத்தின் கீழ்ப் புகார் அளிக்க முடியாது என்று 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகரின் வழக்கில் கூறியது.

இதன் நடைமுறைப் பொருள் என்ன? சாதிப்பெயர் சொல்லித் திட்டி, வீட்டைக் கொளுத்தினாலும், மதம் மாறிய பாணோவுக்குச் சிறப்பு நீதிமன்றம் இல்லை; முன்பிணைக்குத் தடை இல்லை; 1995 விதிகளின்படியான உடனடி நிவாரணம் இல்லை. மதம் மாறிய கந்தாவுக்கு, தாக்கியவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராக இருந்தால், இவை அனைத்தும் உண்டு. தாக்குபவர் ஒருபோதும் மூன்றாம் பத்தியைப் படித்துவிட்டு வருவதில்லை. அவர் கண்ணுக்குப் பாணோ எப்போதும் பாணோதான்.

2008: பிளவு தீயானபோது

கந்தமாலில் இந்தச் சட்டப் பிளவு வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை. குய் மொழி பேசும் தங்களையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று பாணோக்கள் கோரினர். அது நிறைவேறினால் மதம் மாறியோரும் தகுதியை இழக்க மாட்டார்கள். கந்தாக்களோ, தங்கள் இட ஒதுக்கீடும் நிலமும் பறிபோகும் என்று அஞ்சினர். பழங்குடி நிலத்தைப் பிறர் வாங்குவதைத் தடுக்கும் 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை அவர்களின் கவசம். ஒடுக்கப்பட்ட இரு மக்களுக்கு இடையில் அரசு போட்ட இந்தக் கோட்டின் மீதுதான் இந்துத்துவ அமைப்புகள் தம் பரப்புரையை நடத்தின.

2007 கிறிஸ்துமஸ் காலத்தில் முதல் அலை எழுந்தது. 2008 ஆகஸ்ட் 23 அன்று ஜலேஸ்பட்டா ஆசிரமத்தில் சுவாமி லட்சுமணானந்த சரஸ்வதியும் மேலும் நால்வரும் கொல்லப்பட்டனர். மாவோயிஸ்டுகள் அதற்குப் பொறுப்பேற்றனர். ஆனால் பழி கிறிஸ்தவர்கள் மீது விழுந்தது. வாரக்கணக்கில் வன்முறை நடந்தது. அரசுக் கணக்கில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தனர். மனித உரிமை அமைப்புகள் நூற்றை ஒட்டிய எண்ணிக்கையைக் கூறுகின்றன. ஆயிரக்கணக்கான வீடுகள் எரிக்கப்பட்டன. நிவாரண முகாம்களிலிருந்து ஊர் திரும்ப விரும்பியவர்களிடம், இந்துவாகத் திரும்பி வா என்ற நிபந்தனை வைக்கப்பட்டது. எரிந்த வீடுகளில் பெருந்தொகை பாணோ கிறிஸ்தவர்களுடையவை. கந்தா கிறிஸ்தவர்களும் தப்பவில்லை.

2009இல் நீதிபதி மொகபாத்ரா ஆணையத்தின் இடைக்கால அறிக்கை, வன்முறையின் வேர்களாக நிலத் தகராறு, மதமாற்றமும் மறுமதமாற்றமும், போலிச் சாதிச் சான்றிதழ் ஆகியவற்றைக் குறிப்பிட்டது. மூன்றில் இரண்டு சட்டத்தின் பிளவிலிருந்து நேரடியாகப் பிறந்தவை. 2016 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம், பதிவான 827 வழக்குகளில் 315இல் குற்றப்பத்திரிகையே தாக்கலாகவில்லை என்பதையும், விசாரணை முடிந்த 362 வழக்குகளில் 78இல் மட்டுமே தண்டனை கிடைத்ததையும் சுட்டிக்காட்டி, கூடுதல் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது.

ஆறடி நிலம்

கந்தமாலுக்குத் தெற்கிலும் மேற்கிலும் விரியும் மலைக்காடுகளைத் தாண்டினால் சத்தீஸ்கரின் பஸ்தர். 2025 சனவரியில் அங்கே ஒரு கிராமத்தில் மகரா என்னும் பட்டியல் சாதியில் பிறந்த போதகர் ஒருவர் இறந்தார். சொந்த ஊரில் அடக்கம் செய்ய ஊரார் மறுத்தனர். சொந்தப் பட்டா நிலத்திலும் புதைக்க விடவில்லை. உடல் பிணவறையில் ஏறத்தாழ மூன்று வாரம் கிடக்க, மகன் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். சனவரி 27 அன்று இரு நீதிபதிகளும் வேறுபட்டனர். குடும்பத்தின் சொந்த நிலத்தில் அடக்கம் செய்யலாம் என்றார் நீதிபதி நாகரத்னா. கிறிஸ்தவர்களுக்கென ஒதுக்கிய இடத்தில்தான் செய்ய வேண்டும் என்றார் நீதிபதி சதீஷ் சந்திர சர்மா. இறுதியில் 20 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கர்காபாலில் அடக்கம் நடந்தது. அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். எந்த ஊழியக் குழு எப்போது வந்தது என்று ஊரில் பலருக்கும் மறந்திருக்கும். விலையைப் பேரன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

திருச்சபைகளிடம் சில கேள்விகள்

மதம் மாறும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்க முடியாது. 1935இல் இயேவலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்த தலைவரின் வழிவந்தவர்கள் நாம். அதே காரணத்தால்தான் திருச்சபைகளிடமும் கேட்கிறோம். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கணக்கு வைக்கும் அமைப்புகள், அவர்களில் எத்தனை பேர் எந்தச் சட்டத் தகுதியை இழந்தார்கள் என்று கணக்கு வைத்திருக்கின்றனவா? ஞானஸ்நானத்துக்கு முன் அந்த இழப்பை அவர்களின் மொழியில் விளக்குகின்றனவா? தாய்த் திருச்சபையில் தனிக் கல்லறையும் தனி இருக்கையும் வைத்துக்கொண்டு, மலைமேல் சென்று சமத்துவத்தைச் சொல்ல எந்தத் தகுதி இருக்கிறது? தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டு, தம்மைவிட வசதி பெற்ற சமூகங்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. இதைத் திருச்சபைத் தலைமை எத்தனை முறை தன் முதன்மைக் கோரிக்கையாக வைத்தது?

களத்தில் செய்ய வேண்டியவை

ஒன்று: மதமாற்ற வழக்குப் பதிவானால், புகார் கொடுத்தவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் ஃபதேபூர் வழக்குகளில், சட்டம் அப்போது அனுமதித்த பாதிக்கப்பட்டவரோ உறவினரோ அல்லாத வெளியாள் அளித்த புகாரை ஏற்க முடியாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கைகளை ரத்து செய்தது. மாநிலத்துக்கு மாநிலம் இந்த விதி மாறும். 2024 திருத்தத்துக்குப் பின் உத்தரப் பிரதேசத்திலேயே அது மாறிவிட்டது. ஆகவே சம்பவ நாளில் நடப்பிலிருந்த சட்ட வாசகத்தைச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டு: தாக்குதல் நடந்தால், வன்கொடுமைச் சட்டம் கிடைக்காது என்பதற்காகப் புகாரைச் சுருக்கக் கூடாது. வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்தல் (பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 298), பகைமை வளர்த்தல் (பிரிவு 196), வீட்டுக்குத் தீ வைத்தல் (பிரிவு 326) ஆகியவை அனைவருக்கும் பொருந்தும். சொல்லப்பட்ட சாதிச் சொற்களை அப்படியே புகாரில் எழுத வேண்டும். சாதிக்கொடுமை மதம் மாறிய பின்பும் தொடர்கிறது என்பதற்கான ஆவணம் அது. 1985இல் சூசையிடம் கேட்கப்பட்ட சான்று அதுதான்.

மூன்று: உள்ளூர்க் காவல் நிலையம் மறுத்தால், எல்லை பாராமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம். பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இவற்றுக்கு மதமும் சாதியும் தடையில்லை.

நான்கு: தாக்கப்பட்டவர்களில் பழங்குடியினர், இந்து தலித்துகள், கிறிஸ்தவ தலித்துகள் யார் யார் என்பதைத் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். முதலிரு பிரிவினருக்கு வன்கொடுமைச் சட்டம் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் பிரிவினரின் விவரங்கள் மூன்றாம் பத்தியை எதிர்க்கும் வழக்குக்குத் தேவைப்படும்.

ஐந்து: கந்தாக்களின் நில உரிமையைக் காக்கும் கோரிக்கையையும் பாணோக்களின் தகுதிக் கோரிக்கையையும் ஒரே மேடையில் வைக்க வேண்டும். பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரித்துவிட்டால், பாணோ பழங்குடிப் பட்டியலின் கதவைத் தட்ட வேண்டிய தேவையே குறைந்துவிடும். மூன்றாம் பத்தியை நீக்குவது கந்தாவுக்கும் நன்மை என்பதை மலைமேல் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

அந்த ஓடையில் இறங்குவதா வேண்டாமா என்பது அவரவர் மனச்சான்று. அதில் அரசுக்கும் ஊருக்கும் ஊழியக் குழுவுக்கும் நமக்கும் சொல்ல ஏதுமில்லை. கரையேறும் இருவரும் ஒரே குடிமகனாய்க் கரையேற வேண்டும் என்பதில் நமக்குச் சொல்ல இருக்கிறது. அது இன்னும் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் சொல்லி முடிக்கப்படவில்லை.